வீட்டில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். முதலில் யாரிடம்?

தறிச்சத்தம் | 11 அக்டோபர் 2025, இரவு 11.52

இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும் வருகிறவன். எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. ஊர் ஈரோட்டுப் பக்கம். அப்பா பன்னிரண்டு தறி ஓட்டுகிறார். அக்கா கல்யாணமாகி கோபியில் இருக்கிறாள். நான் சென்னையில் ஐடி வேலை. எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்பது பத்தாவது படிக்கும்போதே தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதை நிறுத்த இன்னும் எட்டு வருடம் ஆனது. இப்போது ஒருவனோடு நாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவன் 'ரூம்ல கூட இருக்கற பையன்'. ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் அம்மா அவனுக்கும் ஒரு டப்பா முறுக்கு தனியாகக் கட்டிக் கொடுப்பார். "அந்தப் பையனுக்குக் காரம் ஆகாதுன்னயே, இது காரமில்லாதது."

ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். தறிக்கெல்லாம் சந்தனம், பொட்டு வைத்துக்கொண்டே அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தை பொறந்ததும் முடிச்சறலாம்." ஜாதகம் தரகர் கைக்குப் போய் ஒரு மாதமாகிறதாம். மூன்று பொருந்தி வந்திருக்கிறதாம். தீபாவளிக்கு வரும்போது ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும்.

இதுவரை சொன்ன சாக்குகள்: ஆன்சைட், கார் லோன், கொரோனா, அக்கா பிரசவம், மறுபடி ஆன்சைட். கையிருப்பு தீர்ந்துவிட்டது.

முதலில் அக்காவிடம் சொல்வதா, அம்மாவிடமா? தீபாவளிக்கு முன்பா, பின்பா? ஆபீஸில் இன்னும் யாருக்கும் தெரியாது, அங்கே சொல்லிப் பழகிவிட்டு வீட்டுக்கு வருவது நல்லதா? அப்புறம் எந்த வார்த்தையில் சொல்வது? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். தமிழில் அந்த வாக்கியம் வாயிலேயே வர மாட்டேன் என்கிறது.

---

மாசிவீதி | 12 அக்டோபர், காலை 6.20

தம்பி, வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு அதுதான் பெரிய பாடாக இருந்தது.

நான் பெண், மதுரை, 38 வயது. என் அம்மா எட்டாம் வகுப்பு. 'லெஸ்பியன்' என்றால் ஏதோ மாத்திரைப் பெயர் என்று நினைப்பாள். பத்திரிகைகளில் வரும் 'ஓரினச்சேர்க்கை' வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டதும் வீட்டில் உள்ளவர்களுக்குப் படுக்கைதான் நினைவுக்கு வரும், மனசு வராது. 'தன்பாலீர்ப்பு' நல்ல சொல்தான். தமிழ்நாடு அரசே 2022-ல் சொற்பட்டியல் வெளியிட்டு அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டு அம்மாவிடம் "எனக்குத் தன்பாலீர்ப்பு" என்றால் டாக்டரிடம் எப்போது காட்டினாய் என்று கேட்பாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, உனக்கு அப்பா மேல வந்த மாதிரி எனக்கு ஆம்பளைங்க மேல வராது. பொம்பளைங்க மேலதான் வரும். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

அவள் அப்போது தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல் நிறைய எண்ணெய். நிமிர்ந்து பார்க்கவில்லை. கை நிற்கவும் இல்லை. ஒவ்வொரு பூவாகப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். சரி, காதில் விழவில்லை போல என்று நினைத்தேன். மறுபடி சொல்லத் தெம்பில்லாமல் எழுந்து போய்விட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பொரியல் முழுக்க கள்ளன், ஆயும்போது எடுத்துப் போட வேண்டிய அந்த வேகாத நரம்பு. ஒரு பூவிலிருந்து கூட எடுக்கவில்லை. முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு வாழைப்பூ ஆய்கிறவள். அப்போதுதான் தெரிந்தது, முழுசாகக் காதில் விழுந்திருக்கிறது என்று.

ஒரு வாய் விடாமல் மென்று தின்றேன். அவளும் தின்றாள். அதன்பிறகு ஏழு மாதம் அந்தப் பேச்சே இல்லை.

தீபாவளிக்கு முன்பு வேண்டாம். பண்டிகை அன்று நடப்பது ஒவ்வொரு பண்டிகைக்கும் திரும்ப வரும்.

---

கறுப்புக்கோட்டு | 12 அக்டோபர், காலை 9.05

வக்கீலாகச் சில விஷயங்கள். வீட்டுக்கு வீடு மனசு மாறும், அது என் துறை இல்லை. சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பேசப் போங்கள்.

நீங்கள் குற்றவாளி இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொன்னது. ஐந்து நீதிபதிகள், ஒருமித்த முடிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. "போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்" என்று உறவுக்காரர் யாராவது மிரட்டினால் பதில் இதுதான்.

கல்யாணத்துக்கு மட்டும் வழியில்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் அது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். சில்லறை வசதிகள் வந்திருக்கின்றன. இருவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி முன்னால் போயிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், பெற்றோர் 'காணவில்லை' புகார் கொடுத்ததால் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து 2021 ஜூன் 7-ல் உத்தரவு எழுதினார். தீர்ப்பு எழுதுகிறவர் "எனக்குத் தெரியாது" என்று எழுதுவது என் இருபது வருட அனுபவத்தில் அபூர்வம். ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று 'மாற்று சிகிச்சை' பெயரில் யாரும் கை வைக்கக்கூடாது என்றார். அதைத் தொடர்ந்துதான் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவருக்கு ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இந்தப் பிரிவினரைத் துன்புறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதியிலும் சேர்த்தார்கள்.

இந்த வருடம் மே மாதம் இன்னொன்று. 25 வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்திருந்த வழக்கில், அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம், குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் உண்டாவதில்லை என்று சொன்னது உயர் நீதிமன்றம்.

இனி நடைமுறை. ஊருக்குப் போகும்போது ஒரிஜினல் சர்டிபிகேட், பாஸ்போர்ட் எதையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். ஏற்கெனவே வீட்டு பீரோவில் இருந்தால் பேசுவதற்கு முன்பே ஏதாவது சொல்லி வாங்கி வந்துவிடுங்கள். சம்பளக் கணக்கில் அப்பா பெயர் சேர்ந்திருந்தால் தனிக்கணக்குத் தொடங்குங்கள். ஃபோன் லாக் நம்பரை மாற்றுங்கள். திரும்பும் டிக்கெட் முன்கூட்டியே போட்டிருக்கட்டும். எந்த ஊரில் இருக்கிறீர்கள், எப்போது பேசப் போகிறீர்கள் என்று ஒரு நண்பருக்குத் தெரிந்திருக்கட்டும்.

---

நேர்மையாகக்கேட்கிறேன் | 12 அக்டோபர், காலை 10.41

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஒருவர் படுக்கையறை விஷயம் அவரோடு இருக்க வேண்டியது. நாங்கள் யாராவது "நான் பெண்களை விரும்புகிறேன்" என்று வீட்டில் போய் அறிவிக்கிறோமா? எதற்கு இந்த அறிவிப்பு? பேசாமல் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

---

மாசிவீதி | 12 அக்டோபர், காலை 11.15

அறிவிப்பதில்லையா? பஸ் ஸ்டாண்டில் இருபது அடி ஃபிளெக்ஸ், அதில் மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டு நிற்பார், கீழே பங்காளிகள் நாற்பது பேர் பாஸ்போர்ட் போட்டோ. விடியற்காலை நாலு மணிக்கு குழாய் ஸ்பீக்கர். வளைகாப்புக்குத் தனி மண்டபம். ஊரையே கூட்டி அறிவிப்பது நீங்கள்தான் அண்ணே. நாங்கள் அம்மா ஒருத்தியிடம், அடுப்படியில், மெதுவாகச் சொல்கிறோம்.

---

ஒத்தையடிப்பாதை | 12 அக்டோபர், பிற்பகல் 2.30

"பேசாமல்" என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 55. பேசாமல் இருந்தவன். 1997-ல் கல்யாணம். அப்போது 'கே' (gay) என்ற சொல்லே எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். இப்போது உள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மனைவியை அடித்ததில்லை, குடித்ததில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். ஊரில் என்னைத் தங்கமான மனுஷன் என்பார்கள். ஆனால் இருபத்தோரு வருடம் அவள் பக்கம் திரும்பிப் படுத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு கட்டத்தில் அவள் முகத்துக்கு என்னென்னவோ கிரீம் வாங்கிப் பூச ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு வயதில் ஜிம்முக்குப் போகட்டுமா என்று கேட்டாள். எனக்கு விஷயம் புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை. தப்பு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

2018-ல் அந்தத் தீர்ப்பு டிவியில் ஓடியபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. "இத்தனை வருஷம் நான் என்ன குறை வெச்சேன்னு தேடிட்டே இருந்தேனே. அதை மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல" என்றாள்.

இப்போது தனித்தனியாக இருக்கிறோம். மகள் கல்யாணத்துக்குச் சேர்ந்து நின்றோம்.

தம்பி, அக்காவிடமோ அம்மாவிடமோ எங்கே வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள். ஆனால் அந்த மூன்று ஜாதகத்தில் ஒன்றுக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி எங்கோ பட்டுப்புடவைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பெண் பார்க்கப் போகாதீர்கள். போய்விட்டு வேண்டாம் என்று சொன்னாலும் அந்த வீட்டில் அவளைத்தான் குறை சொல்வார்கள்.

---

நேர்மையாகக்கேட்கிறேன் | 12 அக்டோபர், மாலை 5.02

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு இரண்டு தங்கைகள்.

---

ஓஎம்ஆர்_ஷிஃப்ட் | 12 அக்டோபர், இரவு 9.48

ஆபீஸில் சொல்லிப் பழகிவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம்.

என் கதை. நானும் ஐடி, சென்னைதான். கம்பெனி பெயர் தேவையில்லை, ஜூன் மாதம் வந்தால் லோகோவில் வானவில் பூசுகிற கம்பெனி. டீமில் நெருக்கமான ஒருவனிடம் செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது "யாருக்கும் சொல்லாதே" என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை டீம் லஞ்ச். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியைத் தவிர எல்லாம் நிரம்பியது. கடைசியாக வந்தவன் ஒரு நாற்காலியை வேறு மேஜையிலிருந்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பனீர் டிக்கா என்ன ருசி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருவரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எச்ஆரிடம் எதை எழுதிக் கொடுப்பது? "நாற்காலி காலியாக இருந்தது" என்றா?

அடுத்த வேலையில் வேறு மாதிரி செய்தேன். முதல் மாதமே மெடிக்கல் இன்சூரன்ஸ் ஃபாரம் வந்தது, துணை என்ற இடத்தில் என் ஆளின் பெயரைப் போட்டேன். அங்கே அது அனுமதி, பாலிசியில் எழுத்திலேயே இருந்தது. மேனேஜர் "வீக்கெண்ட் என்ன பண்ணினே" என்றபோது "பார்ட்னரும் நானும் மகாபலிபுரம் போனோம், அவனுக்கு வெயில் ஒத்துக்காது" என்றேன். அவர் ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் "ஈசிஆர்ல டிராபிக் எப்படி" என்றார். முடிந்தது.

ரகசியம் என்று சொல்லிக் கொடுத்தால் கேண்டீனில் அதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது. வெயிலோடு சேர்த்துச் சொன்னால் அதை எடுத்துப் போய் விற்க முடியவில்லை. ஆனால் இதற்கு முன் பாலிசியை நன்றாகப் படியுங்கள். ஆபீஸில் உங்கள் ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஈரோட்டுக்காரர் இல்லாத ஐடி கம்பெனி இந்தச் சென்னையில் கிடையாது. வீட்டுக்கு நீங்கள் சொல்லுமுன் வாட்ஸ்அப் சொல்லிவிடும்.

---

கறுப்புக்கோட்டு | 12 அக்டோபர், இரவு 10.20

மேலே சொன்னதோடு ஒரு வரி. தனியார் வேலையிடத்தில் பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒதுக்கினால் வழக்குப் போட நேரடியாக ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. 2019 சட்டம் திருநர்களுக்கானது. அதனால் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான பாலிசிதான் உங்கள் பிடிமானம். லோகோவின் வண்ணத்தை நம்பாதீர்கள்.

---

சாக்பீஸ் | 13 அக்டோபர், காலை 5.40

ஐடிக்காரர்கள் பேசுவதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. நான் ஒரு தாலுகாவில் அரசுப் பள்ளி ஆசிரியர். ஸ்டாஃப் ரூமில் எட்டுப் பேர். என்னைத் தவிர ஏழு பேரும் எனக்குப் பெண் தேடுகிறார்கள்.

சட்டப்படி என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும். ஆனால் எனக்குச் சட்டத்தைவிட பயம், ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா ஸ்கூல் கேட்டில் வந்து நிற்பது. ஆண் ஆசிரியர், ஆண் பிள்ளைகள், இவர் அந்த மாதிரி. இந்த மூன்றையும் சேர்த்து ஊர் என்ன கணக்குப் போடும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு தப்பு என்று நிரூபிக்கிற வரைக்கும் நான் அங்கே வேலை பார்க்க முடியாது.

அதனால் நான் சொல்லவில்லை. சொல்லாதவனைக் கோழை என்று சிலர் இந்தத் தளத்தின் மற்ற இழைகளில் எழுதுகிறீர்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு. தங்கைக்கு மட்டும் தெரியும். வாரம் ஒருமுறை ஃபோனில் அவளிடம் மட்டும் என் நிஜக் குரலில் பேசுவேன். இப்போதைக்கு அது போதும்.

---

வெள்ளவத்தைமழை | 13 அக்டோபர், காலை 8.12

நீங்கள் 2018 பற்றிக் கதைக்கிறதை வாசிக்க எங்களுக்கு வேறு உலகம் மாதிரிக் கிடக்கு. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் எங்களைக் குற்றவாளியாக்கிற 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கு. 1995-ல் திருத்தினவை, எடுத்துவிடுவினம் என்று பார்த்தால், ஆண்களுக்கு மட்டும் இருந்ததைப் பெண்களுக்கும் சேர்த்துப் போட்டினம். சமத்துவம்! நீக்குகிற மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இன்னும் நிறைவேறவில்லை.

அம்மாவுக்குச் சொன்னன். "போரில ஒரு பிள்ளையைக் குடுத்திட்டன், உன்னையும் குடுக்கேலாது" எண்டு மட்டும் சொன்னவ. எதிர்ப்போ சம்மதமோ எண்டு இன்னும் எனக்கு விளங்கேல்ல. ஆனால் அதுக்குப் பிறகு கலியாணப் பேச்சு எடுக்கிறதில்லை.

---

ஒருத்தன்_அம்மா | 13 அக்டோபர், காலை 11.30

எல்லாரும் பிள்ளைகள் பக்கமிருந்து எழுதுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள். வயது 61, சேலம். தட்டச்சில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

என் மகன் 2019-ல் சொன்னான். சொல்லிவிட்டு "அப்பாடா, மனசுல இருந்த பாரம் இறங்கிருச்சும்மா" என்றான். இறங்கியது, சரி. எங்கே இறங்கியது? என் தலையில்தான். அவன் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். அங்கே அவனுக்கு நண்பர்கள், கூட்டம், எல்லாம் உண்டு. எனக்கு? நாத்தனாரிடம் சொல்ல முடியுமா, கோயிலில் பார்க்கிற சிநேகிதியிடம் சொல்ல முடியுமா? பதினாறு வருடம் அவன் ஒளித்து வைத்திருந்ததை அன்றையிலிருந்து நான் ஒளித்து வைக்க ஆரம்பித்தேன். அவனுக்காவது பழக்கம் இருந்தது.

முதல் ஒரு வருடம் நானும் எல்லாத் தப்பும் செய்தேன். டாக்டரிடம் போவோம் என்றேன். 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று அவன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான், அதைப் படிக்காமல் பூஜை அறையில் வைத்தேன். குலதெய்வத்துக்கு முடி இறக்கிக்கொண்டேன். உன்னை ஹாஸ்டலில் போட்டதுதான் காரணமா என்று கேட்டேன். ஒருநாள் ராத்திரி, நான் சாகும்வரை காத்திருந்திருக்கலாமே என்றுகூடச் சொன்னேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

மாறியது எப்படி என்றால், இன்னொரு அம்மா. அவ்வளவுதான். சென்னையில் ஓரினம் என்று ஒரு குழு இருக்கிறது, தமிழிலும் எழுதுகிறார்கள். அங்கே பெற்றோர் எழுதியதையெல்லாம் மகன் காட்டினான். பிறகு அவன் நண்பனின் அம்மா நம்பர் கொடுத்தான். நான்தான் கூப்பிட்டேன். முதல் பத்து நிமிடம் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பருப்பு விலையைப் பற்றியும் பேசினோம். அப்புறம் அந்த அம்மா "உங்க வீட்ல பொண்ணு பாக்கலையான்னு கேட்டா என்ன சொல்றீங்க?" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

நான் என்ன சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் குடும்ப ஜோசியரிடம் போய், "சாமி, பையனுக்கு 35 வயசு வரைக்கும் கல்யாண யோகம் இல்லைன்னு சொல்லிருங்க" என்று கேட்டேன். அவர் ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாப்பதுன்னு போடட்டுமாம்மா, வசதியா இருக்கும்" என்றார். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. காசு வாங்கவில்லை.

ஆகவே தம்பி, அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால், சொன்னபிறகு அம்மா யாரிடம் பேசுவார் என்று ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்லுங்கள். அக்காவிடம் முதலில் சொல்லுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். அக்கா உங்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். அம்மா அழும்போது பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அப்பாவுக்கு அவசரமே இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு ஆறு வருடம் கழித்தும் தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியாது. ஆனால் போன பொங்கலுக்கு ஜவுளி எடுக்கும்போது "அந்தப் பையன் சைஸ் என்ன" என்று கேட்டார்.

---

தறிச்சத்தம் | 13 அக்டோபர், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அந்த பிளவுஸ் வாக்கியம் ராத்திரி தூங்க விடவில்லை. சாக்பீஸ், உங்களைக் கோழை என்று நான் நினைக்கவில்லை.

முதலில் அக்கா. தீபாவளிக்கு முந்தின வாரம் கோபிக்குப் போகிறேன். பெண் பார்க்க வரவில்லை என்று அப்பாவிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். "ஏன்" என்றார். "இப்ப வேண்டாங்கப்பா" என்றேன். ஃபோனை வைத்துவிட்டார். சர்டிபிகேட்டெல்லாம் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் ரினீவல் என்று சொல்லி எடுத்துக்கொள்வேன்.

---

நெறியாளர் | 14 அக்டோபர், காலை 7.00

தனிமடல் வழியாகச் சிலர் இழையைத் தொடங்கியவரின் ஊர், கம்பெனி கேட்டிருப்பதாகத் தெரிகிறது. கேட்காதீர்கள். கேட்டவர்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

---

தறிச்சத்தம் | 9 நவம்பர் 2025, இரவு 12.35

சொல்லிவிட்டேன்.

அக்காவிடம் கோபியில், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது. அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்துவிட்டு "அந்த முறுக்குப் பையனா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாலு வருஷமா ஒருத்தனுக்குக் காரம் ஆகாதுன்னு ஞாபகம் வெச்சுச் சொல்றயேடா, எந்த ரூம்மேட்டுக்கு இதெல்லாம் பண்ணுவாங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள். மாமாவிடம் இப்போது சொல்ல முடியாது, தன் மாமியார் வீட்டில் இது தெரிந்தால் தன் பாடு என்ன என்று யோசிக்க வேண்டும் என்றாள். அதுவும் நியாயம்தான். நான் யோசிக்கவே இல்லை.

அம்மாவிடம் தீபாவளி கழிந்து, போன சனிக்கிழமை. அப்பா நூல் விஷயமாக வெளியே போயிருந்தார். கரண்ட் வேறு இல்லை. எங்கள் வீட்டில் தறி ஓடாத நேரம் என்பதே அபூர்வம், அந்த அமைதியில் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணும்" என்றதுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. "உடம்புக்கு ஏதாச்சுமா சாமி? கிட்னியா?" இல்லை என்றேன். கொஞ்சம் மூச்சு விட்டார். "அப்ப வேற சாதிப் புள்ளையா?"

நான் பேசாமல் இருந்தேன். வாய் வரவில்லை. அம்மா அந்த மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். எந்தச் சாதி என்றார். நான் சொல்லாததால் ஒவ்வொன்றாக அவரே சொல்லிப் பார்த்தார். பிறகு "முஸ்லிமா? கிறிஸ்டீனா?" கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தச் சாதியா இருந்தாலும் கூட்டிட்டு வா கண்ணு. அப்பனை நான் பாத்துக்கறேன்" என்றார்.

எங்கள் வீட்டை, எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் கனம் புரியும். பத்து வருடத்துக்கு முன்பு பக்கத்து வீதிப் பெண் வேறு சாதிக்காரனோடு போனதற்கு, அவள் அம்மாவோடு பேச்சையே விட்டவர் என் அம்மா. அவரே இவ்வளவு இறங்கி வந்து நிற்கிறார், அதுவும் தப்பான வாசலில். அந்த இடத்தில்தான் நான் உடைந்துவிட்டேன். "பொண்ணே இல்லீங்கம்மா" என்றேன்.

மாசிவீதி அக்கா சொன்ன வாக்கியத்தையே என் மாதிரி மாற்றிச் சொன்னேன். அம்மா கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அவங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "முறுக்குக்காரனோட அம்மாவுக்கு." தெரியாது என்றேன். "அப்ப நான் மட்டுந்தானா" என்றார். அதற்குள் கரண்ட் வந்து தறி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. அதற்குமேல் பேசினால் கத்த வேண்டும். விட்டுவிட்டோம்.

மறுநாள் கிளம்பும்போது முறுக்கு டப்பா இல்லை. கேட்கவும் இல்லை.

இன்று காலை ஃபோன் வந்தது. தரகர் வீட்டுக்குத் தானே போய் ஜாதகத்தைத் திருப்பி வாங்கி வந்துவிட்டாராம். "பையன் வெளிநாடு போறான்னு சொல்லிட்டேன். அப்பனுக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன். எப்பப் போறான்னு கேட்டா என்ன சொல்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

---

ஒருத்தன்_அம்மா | 9 நவம்பர், காலை 5.50

விசா வரவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள் தம்பி. மூன்று வருடம் ஓடும். உங்கள் தனிமடலில் என் நம்பர் போட்டிருக்கிறேன், அம்மாவிடம் கொடுங்கள். பதினோரு மணிக்குமேல் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்குள் எனக்குச் சமையல் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் தறி ஓடுகிற நேரமாக இருந்தால் வெளித்திண்ணைக்கு வந்து பேசச் சொல்லுங்கள், எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம்.